சனிக்கிழமைத் தண்ணீர்

ஜனவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். மாமாவின் முழங்கால் காலையில் ஒரு பேச்சு பேசுகிறது, மாலையில் ஒரு பேச்சு பேசுகிறது. அங்கே உன் மனைவி எப்படி இருக்கிறாள்? உன் மகள் வாயாடிக்கு முன்பல் விழுந்துவிட்டதா?

போன மாதம் உன் மேனேஜரையும் அவர் குடும்பத்தையும் அருவி பார்க்கக் கூட்டி வந்தாயே, அன்றைக்குச் செய்த நல்ல காரியத்துக்கு இன்றைக்கு அனுபவிக்கிறேன். மழை நின்றால் ஆற்றில் வருகிற தண்ணீர் ஒன்றுக்குத்தான் போதும். மதகைத் திறந்தால் வயலுக்கு, அடைத்தால் அருவிக்கு. சனிக்கிழமை நம் முறை. நீ கெஞ்சினாய், தம்பிதானே என்று ஒரு மணி நேரம் மதகுப் பலகையை இறக்கினேன். உன் மேனேஜர் ஆனந்தமாகக் குளித்தார். அதைக் குடைக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

அவரை மறந்திருக்க மாட்டாய். அருவிப் பாதையில் குடையும் துண்டும் வாடகைக்கு விடுகிறவர். இப்போது அருவிக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். நேராக வீட்டுக்கு வந்து, "இத்தனை வருஷமா வெயில் காலத்துல அருவி தானா காஞ்சு போகுதுன்னு நினைச்சோம். பூட்டி வச்சிருந்தது நீங்கதானா?" என்று கேட்கிறார். நான் ஏதோ அவர் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள் மாதிரி! இனிமேல் சனிக்கிழமைத் தண்ணீரை அருவிக்கு விட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்காரர் ஏற்கெனவே விட்டுக் கொடுத்துவிட்டாராம். அவர் விடுவார், வயலை வண்டி நிறுத்த வாடகைக்கு விட்டுவிட்டார், அதில் இப்போது கார்தானே விளைகிறது.

வருகிற கூட்டத்தைப் பற்றிக் கேட்காதே. நேற்று ஒரு அம்மாள் செருப்போடு சமையலறைக்குள் வந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்து, வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்றாள். நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன், ஒருவன் கேமராவோடு வரப்பில் நின்று, "உழைக்கிற மாதிரி நில்லுங்கம்மா" என்கிறான். பின்னே நான் என்ன ஊஞ்சலா ஆடிக்கொண்டிருந்தேன்?

குடைக்கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். வாயாடிக்கு ஒரு பல் விழுந்து இன்னொன்று ஆடுகிறது, பேச்சு மட்டும் ஆடவே இல்லை.

உன் கோபம் புரிகிறது. ஆனால் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார். காலம் மாறுகிறது அக்கா. நம் ஊருக்கு நிலத்தைவிட அருவியால்தான் இனிப் பிழைப்பு. வெளியூர்க்காரர்கள் வருவது சனி, ஞாயிறு இரண்டு நாள். அவர்கள் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுப் போனால் மறுபடி வருவார்களா? செவ்வாய்க்காரரோ வியாழக்காரரோ ஆளுக்கு அரை நாள் நமக்குக் கொடுத்தால் போதாதா? செயலாளர் நீ நினைப்பதுபோல் கெட்டவர் இல்லை. தன்மையாகப் பேசுகிறார்.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம். இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே, வீட்டுக்கே எழுது. அங்கே தபாலைத் தொலைத்துவிடுகிறார்கள்.

மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புத் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. வெந்நீர் வைக்கவும் தண்ணீர்தான் வேண்டியிருக்கிறது.

செயலாளர் தன்மையாகப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறாய். எப்போது பேசினார்? உன்னிடம் எதற்குப் பேசினார்?

ஆளுக்கு அரை நாள் என்கிறாய். நீ இந்த ஊரை விட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது, மறந்துவிட்டது போலிருக்கிறது. ஏழு வீடு, ஏழு நாள். யார் வீட்டிலும் உபரி நாள் கிடையாது. இங்கே ஆளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, கிழமை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். புதன்காரர் மகளுக்குக் குழந்தை பிறந்தது, வெள்ளிக்காரர் வழுக்கி விழுந்தார் என்றுதான் பேச்சு. நான் சனிக்கிழமைக்காரி. சனிக்கிழமை இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரில் பெயரே கிடையாது.

மக்காச்சோளம் விதைத்து ஐந்து நாள் ஆகிறது. கீழ்ப்பாத்தியில் பீன்ஸ் போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தண்ணீர் கொடுத்தால் பிழைக்கும். ஒரு வாரம் தவறினால் முகம் வாடும், இரண்டு வாரம் தவறினால் அப்புறம் நீ கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் எழுந்திருக்காது.

இன்னொன்று. எப்போதும் அலுவலகத் தாளில் எழுதுவாய், மேலே பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். மாமா அதைப் படித்துப் படித்துப் பெருமைப்படுவார். இந்தத் தடவை வாயாடியின் நோட்டிலிருந்து கிழித்த தாள். பின்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு இருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று போட்டிருக்கிறாள். திருத்து.

அங்கே எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

உன் அக்கா


மார்ச் 24

தம்பிக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் சும்மா இருக்கவில்லை.

போன வாரம் குடைக்கடைக்காரர் வந்தார். ஏப்ரல் முதல் சனிக்கிழமையிலிருந்து மதகைத் தொடக் கூடாதாம். "நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேனே" என்றேன். "உங்க வீட்லயே எழுதிக் குடுத்தாச்சேம்மா" என்று சிரிக்கிறார். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே குழு அலுவலகத்துக்குப் போனேன். மாமா பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார்.

எந்த வீட்டுக்கு எந்த நாள் தண்ணீர் என்று எழுதி வைக்கிற முறைப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். உன் கையெழுத்து. நான் பலகையில் எழுதிக் காட்டி நீ பழகின கையெழுத்து. "சனிக்கிழமை முறையை மூன்று வருடத்துக்கு அருவிக்கு விட்டுக்கொடுக்கிறேன். நிலத்தைப் பயிர் செய்யும் என் அக்காவுக்கும் இதில் முழுச் சம்மதம்."

முழுச் சம்மதம்!

அப்பா போனபோது புத்தகத்தில் உன் பெயரை எழுதினார்கள். உழுகிறவள் அக்கா, பெயர் தம்பிக்கா என்று வெள்ளிக்காரர் அப்போதே கேட்டார். தம்பி பெயரும் என் பெயரும் ஒன்றுதான் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். பயிர் செய்கிறவர் சம்மதம் இல்லாமல் முறையை மாற்றக் கூடாது என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அது உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த இரண்டாவது வரியை எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நீ முழு அக்காவையே மறைத்துவிட்டாய்.

மற்ற வீட்டுக்காரர்களிடம் போய் முறையிட்டேன். "நீங்க சம்மதிச்சதா தம்பியே எழுதியிருக்கான். அக்கா தம்பி விஷயத்துல நாங்க எப்படிம்மா நுழையறது?" என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் அடுத்த வயல்காரன் என்ன செய்வான்?

ஏன் எழுதினாய்? ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். பதில் வர வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். வாயாடி உன்னைக் கேட்டாள்.

எடுத்த எடுப்பில் தப்பாக நினைக்காதே. மூன்று வருடம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மேட்டுப் பயிருக்கு மாறலாம், தண்ணீர் அதிகம் கேட்காத பயிர்கள் எத்தனையோ இருக்கின்றன. உனக்கும் வயதாகிறது. மாமாவும் முடியாமல் இருக்கிறார். நீ இப்படி மண்ணில் கிடந்து சாக வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் செய்தேன்.

மற்றதைக் கடிதத்தில் எழுத முடியாது. நேரில் சொல்கிறேன். அதுவரை மதகுப் பக்கம் போகாதே, தகராறு செய்யாதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

மார்ச் மாதம் நீங்கள் எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. துணி துவைக்க எடுத்தபோது படித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். அவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பது அதைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது.

அண்ணி, அவருக்கு வேலை இல்லை. டிசம்பரிலேயே போய்விட்டது. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜரைக் குளிர வைக்கலாம் என்றுதான் அருவிக்குக் கூட்டி வந்தார். அவர் நன்றாகக் குளித்துவிட்டு வந்து, மறுவாரமே இவரை அனுப்பிவிட்டார். இன்றுவரை தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். பூங்காவில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறார். அப்பாவுக்கு ஆபீசில் கூடுதல் வேலை என்று குழந்தை எல்லாரிடமும் சொல்கிறாள்.

அருவிக்குக் கீழே புதிதாக விருந்தினர் விடுதி கட்டியிருக்கிறார்களே, சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தால் அதில் மேனேஜர் வேலை தருவதாகக் குழுவில் சொல்லியிருக்கிறார்கள். "எப்படியாவது ஊருக்குப் போயிடலாம். இந்த நகரம் நமக்கு ஆகாது" என்று ஒரே பிடிவாதம். "ஊருக்குப் போகணும்னா உங்க அக்கா வீட்டுக்குப் போவோம், அவங்க என்ன கதவையா சாத்திடுவாங்க?" என்று கேட்டேன். "வேலை போனவனா அக்கா முன்னாடி நிக்க முடியாது. மேனேஜராத்தான் போய் நிப்பேன்" என்கிறார். 

இதை எழுதினேன் என்று அவருக்குத் தெரிந்தால் ரகளை ஆகும். தெரிந்தாலும் பரவாயில்லை.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

எப்படித் தெரியும் என்று கேட்காதே, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன் மனைவி மேல் பாய்ந்தாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

வேலை போனால் போகட்டும். உலகத்தில் உனக்கு மட்டுமா போயிற்று? மேனேஜர் என்ற அந்த மனிதன் என் தண்ணீரில் குளித்துவிட்டு உன் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறான். அவன் மேல் வர வேண்டிய கோபம் எல்லாம் உனக்கு என் வயல் மேலா வந்தது? பூங்காவில் போய் உட்கார்ந்தாயாமே. நான்கு மாதம்! இங்கே களை பிடுங்க ஆள் இல்லாமல் நானும் நொண்டிக் காலோடு உன் மாமாவும் குனிந்த முதுகு நிமிராமல் கிடந்தோம். நீ அங்கே பெஞ்சில் உட்கார்ந்து புறாவுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஊருக்கு வர வேண்டுமென்றால் பஸ் ஏறி வர வேண்டியதுதானே! என்ன கேட்டிருப்பேன் நான்? சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். மேனேஜராகத்தான் என் முன்னால் நிற்பானாம். காய்ச்சலில் நீ வாந்தி எடுத்ததை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன், என் முன்னால் உனக்கு என்ன கௌரவம் வேண்டியிருக்கிறது?

நான் மண்ணில் கிடந்து சாகக் கூடாது என்று செய்தாயாமே. அந்த வரியைப் படித்தபோதுதான் உண்மையில் வயிறு எரிந்தது. பொய் சொல்வதென்றால் உனக்காகச் சொல், என் பெயரில் சொல்லாதே.

மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. நான் போய்த் திறக்கிறேன், குடைக்கடைக்காரரின் ஆட்கள் வந்து அடைக்கிறார்கள். மறுபடி திறக்கிறேன். நடுவில் கிடைக்கிற தண்ணீர் வாய்க்காலை நனைக்கத்தான் சரியாக இருக்கிறது. மக்காச்சோளம் கதிர் விடுகிற நேரம். இலை சுருட்டிக்கொண்டு நிற்கிறது.

உடனே புறப்பட்டு வா. அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கு. பிறகு பேசலாம்.

அக்கா


மே 4

அனுப்புநர்: மேலாளர், அருவி விருந்தினர் விடுதி
பெறுநர்: மேல்நிலத்தில் பயிர் செய்பவர்

மதிப்பிற்குரிய அம்மா,

சனிக்கிழமைகளில் தாங்கள் அத்துமீறி மதகைத் திறப்பதால் சுற்றுலாப் பயணிகளுக்கு இடையூறு ஏற்படுவது குழுவின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே வரும் வெள்ளிக்கிழமை முதல் மதகுக்குப் பூட்டுப் போடப்படும். ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
மேலாளர்

அக்கா, மேலே இருப்பது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது. நான் இங்கே வந்து ஐந்து நாள் ஆகிறது. வீடு கொடுத்ததும் அவளையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை உன் வீட்டுப் பாதிவழி வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பூட்ட நானே வருகிறேன். வேறு ஆள் வந்தால் உன்னை ஏதாவது சொல்லிவிடுவான், அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. தயவுசெய்து அந்த நேரத்தில் நீ அங்கே நிற்காதே.


மே 14

மேலாளர் அவர்களுக்கு,

நான் நின்றேன். நீயும் பார்த்தாய்.

புது ஷூ போட்டிருந்தாய். சேற்றில் பட்டுவிடக் கூடாது என்று கல் பார்த்துக் கால் வைத்து வந்தாய். சங்கிலியைச் சுற்றினாய், பூட்டினாய், இழுத்துப் பார்த்தாய். நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டாவது தடவையும் இழுத்துப் பார்த்தாயே, அதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. குடைக்கடைக்காரர் உன் தோளில் கை போட்டார். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்நிய ஆள் வந்து என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். உன்னை என்ன கேட்பது?

உன் விடுதியும் என் வீடும் ஒரே மலையின் இரண்டு பக்கம். நடந்தால் இருபது நிமிஷம். அப்படியிருந்தும் நாம் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட்டுக்கொள்கிறோம். தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பீன்ஸ் போய்விட்டது. பூ பூத்து, பூவாகவே கருகிவிட்டது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மக்காச்சோளத்தில் மேல்பாதி அவ்வளவுதான். கீழ்ப்பாதியைக் குடத்தில் மொண்டு ஊற்றிக் காப்பாற்றப் பார்க்கிறோம். புதன்காரர் தன் முறையில் ஒரு மணி நேரம் விட்டார், அவர் பயிரும் வாடிக்கொண்டுதான் நிற்கிறது. உன் மாமா முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு குடம் தூக்குகிறார். நேற்று வரப்பில் விழுந்தார். கீழே அருவியில் ஜனங்கள் ஹோ என்று கத்திக் குளிக்கிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்கிறது.

எனக்கு உன் கண்ணீர் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். முறைக்காரர்களைக் கூட்டி அவர்கள் முன்னால், அக்கா சம்மதிக்கவில்லை, நான் பொய் எழுதினேன் என்று உன் வாயால் சொல். அந்த ஒரு வரி பொய்யானால் கடிதமே செல்லாது. சனிக்கிழமை எனக்குத் திரும்ப வந்துவிடும். நீ எழுதின பொய்யை நீதான் அழிக்க முடியும். நான் ஆயிரம் கத்தினாலும் அது குடும்பச் சண்டைதான்.

சனிக்கிழமைக்காரி


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு அடி பலமா? யாரைக் கேட்பது என்று தெரியாமல் தபால்காரரைக் கேட்டேன். நடக்கிறார் என்றார்.

நீ சொன்னதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அப்படிச் சொன்னால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். வாயாடிக்கு இங்கே பள்ளியில் இடம் கேட்டுவிட்டேன். ஏழு வீட்டார் முன்னால் பொய்யன் என்று நின்ற பிறகு அதே ஊரில் எப்படி நடமாடுவேன்?

இத்துடன் பூட்டின் சாவியை வைத்திருக்கிறேன். என்னிடம் இன்னொன்று இருக்கிறது, யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் நீ திறந்துகொள், காலையில் அவர்கள் வருவதற்குள் அடைத்துவிடு. நான் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன். உன் பயிரும் பிழைக்கும், என் வேலையும் நிலைக்கும். என்னால் முடிந்தது இதுதான் அக்கா.

தம்பி


மே 31

சாவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என் தண்ணீரை நானே திருட வேண்டும், நீ பார்க்காததுபோல் இருப்பாய், அப்படித்தானே? பெரிய மனசு உனக்கு. இத்தனை நாள் உன் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. இந்தச் சாவியைப் பார்த்ததும்தான் முதல் தடவையாக உன்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கூட்டம் நிறைந்திருக்கும்போது, கடப்பாரையோடு போகப் போகிறேன். முறைக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். குடைக்கடைக்காரருக்கும் ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. உனக்கும் சொல்லிவிட்டேன்.


ஜூன் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுவது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைக்கு இரண்டாவது பல்லும் விழுந்ததாமே. உன் வீட்டுக்காரனைப் பற்றி ஊரிலிருந்து யாராவது ஏதாவது உளறுவதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை நான் பூட்டை உடைத்தேன். சொன்னபடி பத்து மணிக்கு. மூன்றாவது அடியில் தெறித்தது. பலகையைத் தூக்கினதும் தண்ணீர் வாய்க்காலில் இறங்கின சத்தத்தைக் கேட்டு உன் அண்ணன் அழுதுவிட்டார், முழங்கால் வலி என்று சமாளித்தார். ஞாயிற்றுக்கிழமைக்காரரைத் தவிர மற்ற ஐந்து பேரும் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள், ஒரு பக்கமும் சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே அருவி நூலாகிவிட்டது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் பாதி ஈரத்தோடு மேலே ஏறி வருகிறது. ஒருவன் தலை முழுக்கச் சோப்பு நுரை. "கண்ணு எரியுதும்மா, யாராவது ஏதாவது பண்ணுங்க" என்று தடவிக்கொண்டு வருகிறான். "வா, இது பயிருக்குப் போற தண்ணி, முகத்தை மட்டும் கழுவிக்கோ" என்று வாய்க்கால் பக்கம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். அவன் நன்றி சொல்கிறான், அந்தப் பக்கம் குடைக்கடைக்காரர் என்னைத் திருடி என்கிறார்.

போலீஸ்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். "பூட்டு விடுதியோடது. மேனேஜர் புகார்ல கையெழுத்துப் போட்டா இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அவர். காகிதத்தை முன்னாலேயே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். அதில் சனிக்கிழமை முறையை முழுச் சம்மதத்துடன் விட்டுக்கொடுத்த பிறகும் என்று ஆரம்பித்திருந்தது. உன் வீட்டுக்காரன் கையில் பேனாவைக் கொடுத்தார்கள்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாவம் என்று தோன்றிவிடுமோ என்று பயம். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.  குடைக்கடைக்காரர், "போடுப்பா, போடு, வெயில் ஏறுது" என்றார்.

"அக்கா சம்மதிக்கல" என்றான்.

யாருக்கும் காதில் விழவில்லை. வெள்ளிக்காரர், "என்ன தம்பி சொன்னே?" என்று கேட்டார்.

"அக்கா சம்மதிக்கல! அவங்களை நான் கேக்கவே இல்ல. வேலை வேணும்னு நான்தான் பொய் எழுதினேன்" என்று கத்தினான் பார், மலை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. சோப்புக்காரன்கூட முகம் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஐந்து பேரும் நேராகக் குழு அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைப் புத்தகத்திலிருந்து கிழித்தார்கள். கூடவே முறையை என் பெயருக்கு மாற்றி எழுதச் சொன்னேன், எழுதினார்கள். குடைக்கடைக்காரர் மேலிடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று குதித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும், நானும் இருக்கிறேன். உன் வீட்டுக்காரனின் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது. நீ பதற வேண்டாம்.

அவன் என் பின்னாலேயே வயலுக்கு வந்தான். ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, கேட்காமலேயே மடை மாற்றினான். ஒரு பாத்தியை நிரப்பி, அடுத்ததற்குத் திருப்பி, மறக்காமல்தான் இருக்கிறான். கீழ்ப்பாதிச் சோளம் மட்டும் தேறும் போலிருக்கிறது. மேல்பாதிக்கு எத்தனை தண்ணீர் பாய்ச்சினாலும் இனிப் பயனில்லை. அதற்கும் அவன் பாய்ச்சினான். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றால் அவனிடம் பேச வேண்டுமே, அதனால் நான் சொல்லவில்லை.

அவன் உண்மையைச் சொன்னால் என் கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை தங்கச்சி. இன்றைக்கு மூன்று நாள் ஆகிறது. முன்னறையில் படுக்கிறான். தட்டில் சாப்பாட்டைப் போட்டு முன்னால் வைக்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் ஏதாவது கேட்டால் உன் அண்ணனிடம் பதில் சொல்கிறேன், அவர் அதை அவனிடம் திருப்பிச் சொல்கிறார். அவருக்கு அலுத்துவிட்டது. கருகின பீன்ஸ் பாத்தியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மறுபடி முதலிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே நீயும் குழந்தையும் இந்த வாரமே சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு வாருங்கள். பின்கட்டு அறையை ஒழித்து வெள்ளையடித்துவிட்டேன். என் கோபம் தீருகிறவரை அவன் எங்கேயும் போகக் கூடாது, இங்கேயேதான் இருக்க வேண்டும். அது இந்த ஜென்மத்தில் தீராது.

அன்புடன்,
அண்ணி